வெயிலும் பூச்சும்: ஓர் எண்ணின் வரலாறு

ஞாயிறு இன்றேல் உலகில் உயிர் இல்லை. பயிர் தழைப்பதும் மழை பொழிவதும் அதன் ஆற்றலால்தான். ஆயினும் அதே ஞாயிறு மனிதனின் தோலைச் சுடவும் செய்கிறது. வெயிலை வேண்டியும் வெயிலுக்கு அஞ்சியும் மனிதன் வாழ்ந்து வந்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றின் அண்மைக் காலப் பகுதிதான் இன்று மருந்துக்கடை அடுக்குகளில் வரிசை வரிசையாக நிற்கும் ‘சன்ஸ்கிரீன்’ என்னும் வெயிற்காப்புப் பூச்சுகள்.

அவ்வடுக்கின் முன்னே நிற்பவருக்கு ஐயம் எழுவது இயல்பு. ஒரு புட்டியின் மேல் 30 என்றும், இன்னொன்றின் மேல் 50 என்றும் அச்சிட்டிருக்கிறது. ஒன்று தாதுப் பூச்சு என்கிறது. மற்றொன்று வேதிப் பூச்சு. ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளும், அவற்றையடுத்து இரண்டோ மூன்றோ நான்கோ கூட்டல் குறிகளும் சிலவற்றில் உள்ளன. ‘பவளப் பாறைக்குத் தீங்கற்றது’ என்று சில பறைசாற்றுகின்றன. இவற்றுள் எதனைத் தேர்வது? எண் பெரிதாயிருப்பதே நல்லது என்று கருதிப் பலர் எடுத்துச் செல்கின்றனர். அந்த எண் எங்கே பிறந்தது, எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது, யாருடைய தோலின் மேல் அளக்கப்பட்டது என்பவற்றை அறிந்தால், தேர்வு எளிதாகும், ஏமாற்றமும் குறையும்.

நிழலே முதற் காப்பு

பூச்சுக்கு முன்பே மனிதன் கண்ட காப்பு நிழல். ஆங்கிலத்தில் குடையைக் குறிக்கும் ‘அம்பிரெல்லா’ என்னும் சொல், நிழல் எனப் பொருள்படும் ‘உம்பரா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மழைக்கு என்று ஏற்பட்ட சொல் அன்று அது. பிரெஞ்சு மொழியினர் வெயிலைத் தடுக்கும் குடையைப் ‘பாரசோல்’ என்றும், மழையைத் தடுக்கும் குடையைப் ‘பாராப்ளுயி’ என்றும் பிரித்துச் சொல்வர். தமிழில் இரண்டுக்கும் குடை ஒன்றே. சங்கப் புலவர்கள் வேந்தனது வெண்குடையை வெயில் மறைக்கும் கருவியாக மட்டும் காணாது, குடிகளைக் காக்கும் ஆட்சியின் அடையாளமாகவும் கண்டனர். நிழல் என்றாலே காப்பு என்று பொருள் கொள்ளும் அளவுக்கு வெயிலை அறிந்த மக்கள் தமிழர்.

நிழல் இல்லாத இடத்தில் உழைத்தவர்கள் மண்ணையும் மரத்தையும் நாடினர். பர்மியர் ‘தனகா’ என்னும் மரத்தின் பட்டையைக் கல்லில் நீர்விட்டு அரைத்து முகத்தில் பூசுவர். சபாவின் கடற்கரையில் வாழும் பஜாவ் இனப் பெண்கள் அரிசி முதலியவற்றை அரைத்த விழுதைப் பூசிக்கொண்டு கடலுக்குச் செல்வதுண்டு. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் ஹிம்பா இனப் பெண்கள் காவிமண்ணை வெண்ணெய்க் கொழுப்பில் குழைத்து உடல் முழுதும் பூசுகின்றனர். இந்தக் காவிமண்ணை ஆய்வாளர் சிலர் சோதித்து, அது வெயிலைத் தடுக்கும் ஆற்றல் உடையது என்று 2015இல் வெளியிட்டனர். காவிக்கு அந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. இந்தப் பொருளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. இக்கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

சுடுவது வெப்பமா, ஒளியா?

வெயிலில் தோல் கன்றுவது வெப்பத்தால் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அடுப்புச் சூடும் வெயிற் சூடும் ஒன்றே என்று கொள்வது இயற்கைதான். இக்கருத்தை அசைத்த கண்டுபிடிப்பு 1801இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் நிகழ்ந்தது. யோகான் வில்லெம் ரிட்டர் என்பார் ஞாயிற்றொளியை வண்ணங்களாகப் பிரித்து, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை ஒவ்வொரு வண்ணத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், அவ்வுப்பு மிக விரைவாகக் கறுத்தது. கட்புலனுக்கு எட்டாத கதிர் ஒன்று அங்கே இருந்தது. அதனையே புற ஊதாக் கதிர் என்கிறோம்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் எவரார்டு ஹோம் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர். கறுத்த பொருள் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் என்பது அறிந்த உண்மை. அவ்வாறாயின் வெயில் கொளுத்தும் நாடுகளில் மக்களின் தோல் ஏன் கறுத்திருக்க வேண்டும்? இப்புதிரை விடுவிக்க 1820ஆம் ஆண்டையொட்டி அவர் தம் கைகளையே சோதனைக்கு உட்படுத்தினார். ஒரு கையை வெறுமையாக வெயிலில் காட்டினார். மற்றொரு கையைக் கறுப்புத் துணியால் மூடிக் காட்டினார். துணிக்கடியில் வெப்பம் மிகுதி. ஆயினும் அக்கை கன்றவில்லை. வெறுங்கையோ கன்றியது. ஆகவே சுடுவது வெப்பம் அன்று, ஒளியே. கறுமை அவ்வொளிக்குத் தடையாக நிற்கிறது என்று அவர் தெளிந்தார். இம்முடிவு 1821இல் இலண்டன் வேந்தர் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

வெயிற்காப்பைப் பற்றிய முதல் அறிவியல் சோதனைகளுள் ஒன்று கறுத்த தோலைப் பற்றிய வினாவிலிருந்து பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், பின்வந்த நூற்றாண்டில் அந்தத் தோலை ஆய்வுலகம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

1889இல் ஸ்டாக்ஹோம் நகரின் கண் மருத்துவர் எரிக் யோகான் விட்மார்க், தோலைச் சிவக்கச் செய்வது புற ஊதாக் கதிரே என்று வடிகட்டிய மின்னொளியைக் கொண்டு நிலைநாட்டினார். 1894இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, ஆண்டுக்கணக்கில் வெயிலில் உழைத்த மாலுமிகளின் தோல் தடித்துச் சொரசொரப்பாகிப் பின்னர்ப் புற்றாக மாறுவதை விளக்கி எழுதினார். வெயில் ஒருநாள் எரிச்சலோடு நிற்பதில்லை, ஆண்டுகள் கழித்தும் கணக்குத் தீர்க்கிறது என்பது அப்போது தெரிந்தது. 1928இல் ஃபிண்ட்லே என்பார் புற ஊதாக் கதிரால் எலிகளின் தோலில் புற்று உண்டாவதைச் சோதனையில் காட்டினார்.

முதற் பூச்சுகள்

தீங்கு செய்வது ஒரு கதிர் என்று தெரிந்தபின், அக்கதிரை உறிஞ்சும் பொருளைத் தேடுவது அடுத்த வேலையாயிற்று. 1891இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் ஃபிரீட்ரிக் ஹாமர் கொயினாவைக் களிம்பில் சேர்த்துத் தோலில் பூசினார். மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டு, கசப்பினால் தொழிலாளரை முகஞ்சுளிக்க வைத்த கொயினாவே அது. அப்பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்ச வல்லது. இன்று வேதிப் பூச்சு என்று வழங்கும் வகையின் முன்னோடி இக்களிம்பே.

கடையில் விற்கும் பண்டமாக அமெரிக்காவில் 1928இல் ஒரு பூச்சு வந்தது. பென்சைல் சாலிசிலேட்டு, பென்சைல் சின்னமேட்டு என்னும் இரு பொருள்கள் அதில் இருந்தன. பிரான்சில் வேதியியலாளர் யூஜீன் ஷுலேர் 1930களின் நடுவில் ‘ஆம்பர் சோலேர்’ என்னும் எண்ணெயை வெளியிட்டார். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. கடற்கரைகள் நிறைந்தன, எண்ணெயும் விற்றது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடலில் விழுந்து மிதவைகளில் தத்தளிக்கும் அமெரிக்க வீரர்களுக்கு ‘ரெட் வெட்’ என்னும் சிவந்த பெட்ரோலியக் களிம்பு கொடுக்கப்பட்டது. அது பிசுபிசுப்பு மிக்கது; விரும்பிப் பூசத் தக்கதன்று; ஆயினும் உயிர் காக்கும் வேளையில் அழகு பார்ப்பார் யார்? விமானப் படையில் இருந்த பெஞ்சமின் கிரீன் என்னும் மருந்தாளர் அதனோடு கொக்கோ வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சேர்த்து இனிதாக்கினார் என்பர். அதுவே ‘காப்பர்டோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரிய நாட்டு வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938இல், மாணவராயிருந்தபோது, ஆல்ப்ஸ் தொடரில் உள்ள பிஸ் புயின் சிகரத்தில் ஏறித் தோல் வெந்து திரும்பினார் என்றும், அதனால் 1946இல் ‘பனியாற்றுக் களிம்பு’ ஒன்றை ஆக்கினார் என்றும் கூறுவர்.

இப்பெயர்களைச் சற்றே உற்று நோக்க வேண்டும். ‘ஆம்பர்’ என்பது பொன்னிறமும் பழுப்பும் கலந்த பிசின்மணி. ‘காப்பர்டோன்’ என்பது செம்பு நிறம். வெளிறிய தோலினர் வெயிலில் கிடந்து பொன்னிறமோ செம்பு நிறமோ பெற வேண்டும். ஆனால் கன்றிச் சிவந்து தோலுரியக் கூடாது. இதுவே அன்றைய வாடிக்கையாளரின் வேண்டுகோள். பூச்சு அவர்களைக் கறுக்காமல் காக்க வந்ததன்று. நோகாமல் கறுக்கச் செய்ய வந்தது.

எண் பிறந்த கதை

பல பூச்சுகள் சந்தைக்கு வந்தபின் எது வலிது என்று அறிய ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஜெர்மனியில் ருடால்ஃப் ஷுல்ட்சே 1956இல் அதற்கொரு முறையை வகுத்தார். கிரைட்டர் அதனை வளர்த்து, 1974இல் எழுதிய கட்டுரையின் வாயிலாகப் பரப்பினார். 1978இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அதனைத் தன் விதிமுறை வரைவில் ஏற்றது. புட்டிகளின் மேல் இன்று காணும் ‘எஸ்.பி.எஃப்.’ என்னும் எண் இவ்வாறு நிலைபெற்றது.

அதன் கணக்கு எளியது. பூச்சு இல்லாத தோல் சிவப்பதற்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்று முதலில் அளப்பர். பூச்சிட்ட தோல் சிவப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று பின்னர் அளப்பர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் ஈவே அந்த எண். 15 என்றால் சுடும் கதிரில் 15இல் ஒரு பங்கு உள்ளே புகும். 30 என்றால் 30இல் ஒரு பங்கு. 50 என்றால் 50இல் ஒரு பங்கு. தடுக்கும் அளவைக் கொண்டு சொன்னால், 15 ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கிறது. எண் 30இலிருந்து 50க்கு ஏறும்போது தடுப்பு கூடுவது ஒரு விழுக்காட்டை ஒட்டியே ஆகும்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. சோதனைக் கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுவர். வீட்டிலோ மக்கள் அதில் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரைதான் பூசுகின்றனர் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ந்த ஒருவர் உடல் முழுதும் முறையாகப் பூச வேண்டுமானால் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் வேண்டும். சிறு புட்டி ஒன்று மூன்று முறைக்குள் தீர்ந்துபோகும். விலையுயர்ந்த 50ஐச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மலிவான 30ஐத் தாராளமாகத் தடவுவது மேல்.

எண்ணை முற்றும் நம்பிவிடலாகாது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2025இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பு ஒன்று கடைகளில் 20 பூச்சுகளை வாங்கிச் சோதித்தது. அவற்றுள் 16 பூச்சுகள் தம் மேல் அச்சிட்ட எண்ணை எட்டவில்லை என்று அறிவித்தது. வெயிற்காப்பில் மிகக் கண்டிப்பான விதிகளைக் கொண்ட நாட்டிலேயே எழுந்த செய்தி இது.

எண் சொல்லாதது

சிவத்தலை அளக்கும் எண், சிவக்கச் செய்யாத தீங்கை அளக்காது. 1932இல் கோப்பன்ஹேகனில் கூடிய ஒளியியல் மாநாடு புற ஊதாக் கதிரை ஏ, பி, சி என மூன்றாக வகுத்தது. சி வகையை வான்வெளியே தடுத்துவிடுகிறது. தோலைச் சிவக்கச் செய்வது பெரும்பாலும் பி வகை. ஆயினும் தரையை வந்தடையும் புற ஊதாக் கதிரில் பி வகை ஏறத்தாழ 5 விழுக்காடே. எஞ்சிய 95 விழுக்காடும் ஏ வகை. இது தோலின் ஆழத்துக்குச் செல்லும். சன்னற் கண்ணாடியையும் ஊடுருவும். வலியின்றித் தோலைச் சுருக்கிக் கறுக்க வைக்கும்.

2012இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று 69 வயதுடைய ஒருவரின் படத்தை வெளியிட்டது. அவர் 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவர். சன்னலை ஒட்டிய இடப்பக்க முகம் மட்டும் தடித்துச் சுருங்கியிருந்தது. வலப்பக்கம் வயதுக்கேற்ற நிலையில் இருந்தது. ஒரே மனிதரின் முகத்தில் இரு வயதுகள்! கண்ணாடி வழியாக வந்த ஏ வகைக் கதிரின் வேலை அது.

முற்காலப் பூச்சுகள் இக்கதிரைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. 1978இல் ஐரோப்பாவில் அவோபென்சோன் என்னும் பொருள் புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை மாறியது. அதுவும் ஒளி பட்டால் சிதைவது. ஆக்டோகிரிலின் போன்ற துணைப்பொருள் அதனை நிலைநிறுத்த வேண்டும். ஏ வகைக் காப்பைக் குறிக்க ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் அடையாளம் கண்டது. இங்கிலாந்தில் 1992இல் நட்சத்திரக் குறிகள் தோன்றின. சப்பான் 1996இல் ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளையும் கூட்டல் குறிகளையும் வகுத்தது. 2013 முதல் நான்கு கூட்டல் குறிகள் வரை உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2006இல் ஏ வகைக் காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்றது. மலேசியா, சிங்கப்பூர்க் கடைகளில் மிகுதியாகக் காணப்படுவது சப்பானியக் குறியே. பெரிய எண்ணைப் பார்க்கும் கண், அதன் பக்கத்திலுள்ள கூட்டல் குறிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாதுவும் வேதியும்

இன்றைய பூச்சுகள் இரு குலத்தவை. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் தாதுக் குலம். அவோபென்சோன், ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட்டு முதலியன வேதிக் குலம். தாது கண்ணாடி போல் கதிரைத் திருப்பி அனுப்புகிறது, வேதி உறிஞ்சுகிறது என்று விளம்பரங்கள் சொல்லும். இது முழு உண்மையன்று. தாதுத் துகள்களும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சியே தடுக்கின்றன. திருப்பி அனுப்புவது மிகச் சிறு பங்கே என்று அண்மை ஆண்டுகளின் அளவீடுகள் காட்டின. ஆகவே இரண்டும் செய்யும் தொழில் ஒன்று, வேறுபாடு குணத்தில்.

துத்தநாக ஆக்சைடு ஒன்றே ஏ, பி இரண்டையும் தடுக்க வல்லது; ஒளியில் சிதையாது; மென்மையான தோலுக்கும் குழந்தைகளின் தோலுக்கும் ஏற்றது. அதன் குறை வெண்மை. கிரிக்கெட்டு ஆட்டக்காரர் மூக்கின் மேல் வெள்ளையாகப் பூசியிருப்பதைப் பார்த்தவர்கள் அதனை அறிவர். துகள்களை மிக நுண்ணிதாக அரைக்கும் முறை வந்தபின் வெண்மை குறைந்தது. ஆயினும் மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போன்ற தோற்றம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. வேதிப் பூச்சு தோலில் மறைந்துபோகும், பூசியதே தெரியாது. ஆனால் சிலருக்குக் கண் எரியும். சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். 1943இல் காப்புரிமை பெற்றுப் பின்னர்ப் பெரிதும் பயன்பட்ட ‘பாபா’ என்னும் வேதிப்பொருள், ஒவ்வாமையாலும் துணியில் மஞ்சட் கறை படிந்ததாலும் வழக்கிழந்தது.

2019இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, அங்கே அனுமதி பெற்ற 16 பொருள்களை மீண்டும் ஆராய்ந்து தன் கருத்தை முன்மொழிந்தது. இரு தாதுக்களையும் பாதுகாப்பானவை எனக் கொள்ளலாம் என்றது. ‘பாபா’வும் மற்றொன்றும் தகாதன என்றது. எஞ்சிய 12 பொருள்களுக்கும் இன்னும் சான்று வேண்டும் என்றது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியான சோதனைகளில், வேதிப்பொருள்கள் சில தோலின் வழியாகக் குருதியில் சேர்வது தெரியவந்தது. குருதியில் சேர்வது வேறு, தீங்கு செய்வது வேறு. தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், பூச்சை நிறுத்த வேண்டா என்றும் அத்துறையே அறிவுறுத்தியது. இச்செய்தியை அரைகுறையாகக் கேட்டு அஞ்சியவர் பலர்.

பவளப் பாறைகளின் வழக்கும் இத்தகையதே. ஆக்சிபென்சோன் பவள உயிர்களின் இளம்பருவத்தைக் கெடுக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. பலாவு தீவு நாடு 2020 சனவரி முதல் அதனையும் வேறு சில பொருள்களையும் தடுத்தது. ஹவாய் 2018இல் சட்டமியற்றி, 2021 சனவரி முதல் ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் கொண்ட பூச்சுகளின் விற்பனையை நிறுத்தியது. தாய்லாந்து 2021இல் கடல்சார் தேசியப் பூங்காக்களில் நான்கு பொருள்களுக்குத் தடை விதித்தது. கடலில் உண்மையாகக் கலக்கும் அளவு அத்தீங்கைச் செய்யப் போதுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பவளம் வெளிறுவதற்குப் பெருங்காரணம் கடல் வெப்பமாதலே என்பதில் ஐயமில்லை. எனினும், தீவுகளுக்குச் செல்வோர் தாதுப் பூச்சையோ நீண்ட கைச்சட்டையையோ நாடுவதால் இழப்பு ஒன்றும் இல்லை.

கறுத்த தோலின் வினா

இனி, ஹோம் என்பார் 1820இல் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். தோலின் கறுமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். 1979இல் அமெரிக்க ஆய்வாளர் அதன் காப்பாற்றலை அளந்தனர். வெள்ளையரின் மேற்றோல் ஏறத்தாழ 3 என்ற எண்ணுக்கு ஈடான காப்பையும், கறுப்பினத்தாரின் மேற்றோல் ஏறத்தாழ 13 என்ற எண்ணுக்கு ஈடான காப்பையும் தருவதாகக் கண்டனர். தமிழர் தோல் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இயற்கை ஒரு பூச்சை முன்பே பூசி அனுப்பியிருக்கிறது. ஆனால் அது முழுக் காப்பன்று.

எஸ்.பி.எஃப். எண்ணோ சிவத்தலை அளப்பது. சிவத்தல் தெளிவாகத் தெரியும் தோலில்தான் அதனை அளக்க முடியும். ஆதலின் அமெரிக்க விதிகள் வெளிறிய தோலினரையே சோதனைக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்லின. தோலின் வகைகளை எண்ணிட்டு வகுத்த ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 1975ஆம் ஆண்டுப் பட்டியலிலும் முதலில் வெள்ளையர் தோலின் நான்கு வகைகளே இருந்தன. பழுப்பும் கறுப்பும் ஐந்தாவதும் ஆறாவதுமாகப் பின்னரே சேர்ந்தன. ஆகவே புட்டியின் மேலுள்ள எண், ஆல்ப்ஸ் மலையில் ஏறியவரும் பிரெஞ்சுக் கடற்கரையில் படுத்தவரும் கேட்ட வினாவுக்கு விடை. எவ்வளவு நேரத்தில் சிவப்பேன் என்பது அவ்வினா.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் தமிழரின் வினா வேறு. மாநிறத் தோலினர் வெயிலால் மருத்துவரிடம் செல்வது பெரும்பாலும் சிவத்தலுக்காக அன்று. கன்னத்தில் படரும் மங்குக்காக, பரு ஆறியபின் நீங்காது நிற்கும் கருந்தழும்புக்காக. இவற்றை மிகுவிப்பதில் ஏ வகைக் கதிருக்குப் பங்குண்டு. கட்புலனாகும் சாதாரண ஒளிக்கும் பங்குண்டு என்பது 2010இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவாயிற்று. அவ்வொளி கறுத்த தோலை நெடுநாள் நிற்கும்படி மேலும் கறுக்கச் செய்தது. வெளிறிய தோலில் அவ்வாறு நிகழவில்லை. எஸ்.பி.எஃப். 50 என்று எழுதிய நிறமற்ற பூச்சுகள் கட்புலனாகும் ஒளியை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடுகின்றன.

அதனைத் தடுக்க வல்லது எது? இரும்பு ஆக்சைடு. தோல் நிறத்துக்கு ஏற்பச் சாயம் கலந்த பூச்சுகளில் அந்நிறத்தைத் தருவது இதுவே. ஹிம்பா பெண்களின் காவிமண்ணில் இருந்த அதே பொருள், நூறாண்டு வேதியியலைச் சுற்றிவந்து மீண்டும் மனிதன் முகத்துக்கு வந்திருக்கிறது. மங்கு உள்ளவர்க்குத் தோல் மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பது இத்தகைய சாயமிட்ட பூச்சையே. தாதுப் பூச்சின் சாம்பல் நிறக் குறையையும் இது மறைத்துவிடுகிறது.

கறுத்த தோலுக்குப் புற்று வராது என்பதும் பிழை. வெள்ளையரைவிட மிகக் குறைவு என்பதே உண்மை. கறுத்த தோலினர்க்கு வரும் கொடிய ‘மெலனோமா’ பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய வெயில் படாத இடங்களில் தோன்றும். அதற்குப் பூச்சு காப்பாகாது. புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளியை அங்கே கண்டால் மருத்துவரிடம் காட்டுவதே காப்பு.

பூசினால் பயன் உண்டா?

இவ்வளவு ஆய்வுக்குப் பின்னும், பூச்சு மெய்யாகவே புற்றைத் தடுக்கிறதா என்ற வினாவுக்கு உறுதியான விடை வர நெடுங்காலம் ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்னும் சிற்றூரில் 1992இல் 1,621 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நாள்தோறும் முகத்திலும் கைகளிலும் பூச்சுப் பூச வேண்டும். மற்றவர் தம் விருப்பம்போல் நடக்கலாம். நான்கரை ஆண்டுகள் கழிந்தன. நாள்தோறும் பூசியவரிடம் செதிள்வகைத் தோற்புற்றுக்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. சோதனை முடிந்து மேலும் பத்தாண்டுகள் கவனித்தபோது, மெலனோமா கண்டவர் நாள்தோறும் பூசியோரில் 11 பேர், மற்றவரில் 22 பேர். அவர்கள் பூசியது 50 அன்று. 16 என்ற எண் கொண்ட பூச்சே.

இச்சோதனை வெளிறிய தோலினர் மிகுந்த ஊரில் நடந்தது. புற்றைப் பற்றிய கணக்கை அப்படியே மாநிறத்தார்க்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அது தரும் ஒரு பாடம் எல்லாத் தோலுக்கும் பொது: பெரிய எண்ணைவிட இடையறாத வழக்கமே வலிது. அந்நாட்டில் 1981இல் தொடங்கிய புகழ்பெற்ற இயக்கமும் பூச்சை மட்டும் சொல்லவில்லை. சட்டை, பூச்சு, தொப்பி ஆகிய மூன்றையும் சேர்த்தே மக்களுக்குக் கற்பித்தது.

தேர்வு எவ்வாறு?

வரலாறு காட்டும் வழியில் நின்று பார்த்தால் தேர்வு அரிதன்று. எஸ்.பி.எஃப். 30 இருந்தால் பெரும்பாலோர்க்குப் போதும். அதனோடு பி.ஏ. குறியின் கூட்டல்கள் மூன்றோ நான்கோ இருத்தல் நன்று. மங்கும் தழும்பும் உள்ளவர் இரும்பு ஆக்சைடு சேர்ந்த சாயப் பூச்சைத் தேர்வது தகும். தோல் ஒவ்வாமை உடையவரும் சிறு குழந்தைகளும் தாதுப் பூச்சை நாடலாம்; ஆறு மாதம் நிரம்பாத மகவுக்குப் பூச்சு வேண்டா, நிழலும் துணியுமே போதும். வியர்த்து ஓடியாடுவோர் நீரில் கரையாத வகையைத் தேர்ந்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். எவ்வகையாயினும், பூசப் பிடிக்காமல் அலமாரியில் உறங்கும் பூச்சு யாரையும் காப்பதில்லை. நாள்தோறும் மனம் ஒப்பிப் பூசக்கூடியது எதுவோ அதுவே அவரவர்க்கு நல்ல பூச்சு.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நண்பகலை ஒட்டிய வேளையில் புற ஊதாக் குறியீடு 11ஐயும் தாண்டுவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனமோ 3ஐ எட்டினாலே காப்புத் தேவை என்கிறது. பள்ளித் திடலில் விளையாட்டை நண்பகலில் வைக்காமல் காலையில் வைப்பதும், தொப்பி அணிந்து வரச் சொல்வதும், திடலோரத்தில் நிழல் மரங்களை வளர்ப்பதும் செலவு குறைந்த காப்புகள். அதனினும் வேண்டுவது ஒன்று உண்டு. வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவாய் என்று பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை, வீட்டுக்குள் இருத்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பூச்சு விற்போர் சிலர் காப்பையும் வெளுப்பையும் ஒன்றாக்கி விற்பது அவ்வச்சத்தை வளர்க்கிறது. வெயிற்காப்பு நலத்துக்காக, நிறத்துக்காக அன்று. கறுமை குறையன்று, அதுவே காப்பு என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன் கறுப்புத் துணி ஒன்று காட்டிவிட்டது. அதனை வகுப்பறையில் எடுத்துச் சொல்வது ஆசிரியர் கடன்.